நோம்பி நோட்டீசில் மேளக்காரர் பெயர்

காங்கேயம் பக்கம் மாரியம்மன் நோம்பிகளுக்கு (திருவிழாவை நாங்கள் நோம்பி என்போம்) நோட்டீசு அடித்துத் தரும் சிறிய அச்சகம் ஒன்றை வைத்திருந்த என் நண்பர் சென்ற ஐப்பசியில் காலமானார். செய்தித்தாளில் அவரைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. வர வேண்டும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவும் மாட்டார். ஆனால் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்துக் கோயில் வாசல்களில் தப்பட்டை என்று நாங்கள் சொல்லும் பறையும் உடுக்கையும் பம்பையும் இன்றைக்கும் ஆள் நின்று வாசித்து நேரில் ஒலிப்பதில் அவருக்கு இருந்த பங்கை அறிந்தவர்கள் சிலர் இருக்கிறோம். அவருடைய அச்சகத்தில் மாலை நேரங்களில் பிழை திருத்திக் கொடுத்துவந்த தமிழாசிரியன் என்ற முறையில், அதை எழுதி வைக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. குடும்பத்தார் விருப்பப்படி அவருடைய பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் பழக்கம் ஒரு குலதெய்வக் கோயிலின் குடமுழுக்கு அழைப்பிதழில் தொடங்கியது. எங்கள் அழைப்பிதழைப் பிழை பார்க்கப் போன நான், பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த வேறோர் ஊர் நோட்டீசை எடுத்துப் படித்தேன். கொங்கு நாட்டு நோம்பி நோட்டீசுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. மேலே அம்மன் படம் இருக்கும். அதன் கீழே நோம்பியை ஊருக்கு அறிவிக்கும் சாட்டு, கம்பம் நடுதல், தீச்சட்டி ஏந்தும் பூவோடு, மாவிளக்கு, பொங்கல், கம்பம் பிடுங்குதல், மஞ்சள் நீராட்டு என்று நாள்வாரியாக நிகழ்ச்சிகள் வரும். அதற்கும் கீழே பந்தல் யார், மின்விளக்கு யார், அன்னதானம் யார், வாணவேடிக்கை யார் என்று நன்கொடையாளர் பெயர்கள், தொழிலும் கைப்பேசி எண்ணும் சேர்த்து, வரிசையாக நிற்கும். இத்தனைக்கும் நடுவில் இரவெல்லாம் நின்று அடிக்கிற மேளக்காரர்களுக்கு ‘மேளதாளத்துடன்’ என்பதற்கு மேல் இடம் இருக்காது. அன்றைக்கு நான் பார்த்த நோட்டீசில் மட்டும், பந்தல்காரருக்குக் கொடுத்த அதே எழுத்தளவில் தப்பட்டைக் குழுவின் ஊர், குழுவை நடத்தும் வாத்தியார் பெயர், உடன் அடிக்கிற ஒவ்வொருவர் பெயர் என எல்லாம் இருந்தன. யார் சொல்லிச் சேர்த்தது என்று கேட்டேன். “யாரும் சொல்லலீங்க வாத்தியாரே, எடம் மிச்சமிருந்துது” என்றார். இடம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அம்மன் படத்தைச் சற்றுச் சிறிதாக்கியிருந்தார்.

இதற்காகக் கமிட்டிக்காரர்கள் சண்டைக்கு வந்ததுண்டு. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்தவர்கள் பெயரோடு மேளம் அடிக்கிறவர்கள் பெயரையும் சேர்ப்பதா என்று கேட்பார்கள். “அந்த வரிக்குக் கூலி வேண்டாமுங்க, நம்ம கணக்குல போட்டுக்கறனுங்க” என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். கூலி அங்கே பிரச்சினை அல்ல என்று அவருக்கும் தெரியும், வந்தவருக்கும் தெரியும். எங்கள் பகுதியில் தப்பட்டை அடிப்பவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். ஊர்க் கோயிலுக்கும் ஊர்ச் சாவுக்கும் மேளம் அடிப்பது அவர்கள்மேல் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. அதற்கு ஈடாகக் களத்தில் தானியம் அளந்தார்கள். கடமையைச் செய்கிறவனுக்கு நோட்டீசில் பெயர் எதற்கு என்பதுதான் அந்தக் கோபத்தின் அடிப்படை. என் நண்பர் அதை மேடைபோட்டு மறுத்துப் பேசியவர் இல்லை. அச்சடித்துக் கட்டுக்கட்டாக ஊருக்குள் அனுப்பிவிடுவார். அடித்த நோட்டீசைத் திருப்பி வாங்க எந்தக் கமிட்டிக்கும் நேரம் இருக்காது.

மாரியம்மன் நோம்பிகள் பெரும்பாலும் பங்குனியிலும் சித்திரையிலும் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. புதன்கிழமை பொங்கல் வைக்கிற ஊர்கள் ஏராளம். எந்த ஊரில் என்றைக்குச் சாட்டு, எந்த ஊரில் கம்பத்துக்கு எத்தனை இரவு ஆட்டம் என்பதெல்லாம் ஊராருக்கு அடுத்தபடியாக அச்சகக்காரருக்குத்தான் தெரியும். நோட்டீசு கொடுக்க வருகிறவரிடம் தாளின் அளவைக் கேட்பதற்கு முன்பே “மேளம் யாருங்க?” என்று கேட்பார். இன்னும் பேசவில்லை என்று பதில் வந்தால், தடித்த கணக்கு நோட்டு ஒன்றைப் பிரித்து, அந்த நாளில் எந்தக் குழு ஓய்வாக இருக்கிறது என்று பார்த்து, அங்கேயே தொலைபேசியில் பேசி முடித்துவிடுவார். தரகு வாங்கியதில்லை. மேளத்துக்காக அவரைத் தேடி வந்த கமிட்டிகள் நோட்டீசு வேலையையும் அவரிடமே கொடுத்தன என்பதால் அவருக்கு இதில் நட்டமும் இருந்ததில்லை. இறந்தபின் அவரைத் தியாகியாக்கிப் பேசுவோரிடம் நான் இதை நினைவூட்டுவது வழக்கம். தொழிலும் விருப்பமும் ஒரே திசையில் அமைவது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அவருக்குக் கிடைத்தது, அவர் அதை விட்டுவிடவில்லை.

கலை அழிகிறது என்று யாராவது அவர் முன்னால் பேசினால் பொறுமை இழந்துவிடுவார். தப்பட்டை அடிக்கத் தெரிந்த இளைஞர்கள் பகலில் வெள்ளகோவில் விசைத்தறியிலோ, காங்கேயத்து எண்ணெய் மில்லிலோ, திருப்பூர் பனியன் கம்பெனியிலோ வேலை செய்கிறார்கள். வாரச் சம்பளம் சனிக்கிழமை. செவ்வாயும் புதனும் விடுப்புப் போட்டு மேளம் தூக்கினால் அந்தச் சம்பளத்தில் இரண்டு நாள் குறையும். மூன்றாம் முறை விடுப்புக் கேட்டால், இனிமேல் நோம்பிக்கே போய்க்கொள் என்று சூப்பர்வைசர் சொல்லிவிடுவார். ஆகவே ஓர் இரவு மேளத்தில் தலைக்கு வருகிற பங்கு இரண்டு ஷிப்டுக் கூலியைத் தாண்ட வேண்டும், தாண்டாவிட்டால் எந்தப் பையனும் வரமாட்டான், வரச் சொல்லவும் நமக்கு உரிமையில்லை என்பது அவர் கணக்கு. ஆர்வலர்களின் புலம்பலையெல்லாம்விட இந்த ஒரு கணக்கு எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

அந்தக் கணக்குக்கு எதிரே நின்றது செண்டை மேளம். வாளையாற்றைத் தாண்டினால் பாலக்காடு என்பதால் கோவையில் தொடங்கிய வழக்கம், மெல்ல மெல்லத் திருப்பூர், பல்லடம், காங்கேயம் என்று கிழக்கே நகர்ந்து, இப்போது கல்யாண வீட்டு வாசலிலும் கோயில் ஊர்வலத்திலும் செண்டை இல்லாவிட்டால் கௌரவக் குறைவு என்று ஆகியிருக்கிறது. செண்டைக்காரர்கள்மீது அவருக்கு வருத்தம் ஏதுமில்லை; அவர்களும் நின்று அடித்துப் பிழைக்கிற கலைஞர்கள்தானே என்பார். வெளியூர்க் குழுவுக்குக் கேட்ட பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, உள்ளூர்த் தப்பட்டைக்கு அதில் நாலில் ஒரு பங்கு கொடுக்கவும் பேரம் பேசுகிற நம்மவர்கள்மீதுதான் அவருக்குக் கோபம். “பாலக்காட்டுல ஒரு கல்யாணத்துக்கு நம்ம தப்பட்டயக் கூப்புட்டிருக்கறாங்களான்னு சொல்லுங்க, நானும் செண்டைக்கு நோட்டீசு அடிக்கறன்” என்று ஒரு கமிட்டித் தலைவரிடம் அவர் சொன்னபோது நான் அருகில் இருந்தேன். அந்த ஆண்டு அந்த ஊரில் இரண்டும் வந்தன. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தப்பட்டை எடுபடாது என்று பயந்தவர்கள், கம்பத்தைச் சுற்றி ஆடத் தொடங்கியவுடன் கூட்டம் எந்தப் பக்கம் போனது என்பதைப் பார்த்தார்கள். செண்டை நின்று கேட்பதற்கு உரியது. தப்பட்டையின் அடியோ ஆடுகிறவன் காலைப் பார்த்து மாறும். ஆட்டக்காரன் களைத்தால் இறங்கும், அவன் நிமிர்ந்தால் ஏறும்.

அவருடைய நிபந்தனைகள் நான்கைந்துதான். பாதிப் பணம் முன்பணமாக வர வேண்டும். மேளக்காரர்களுக்கு ஊராரோடு ஒரே பந்தியில் இலை போட வேண்டும். தோல் காய்ச்சுவதற்குக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இடமும் வைக்கோலும் தர வேண்டும். தப்பட்டையின் தோல் பனியில் தொய்ந்துவிட்டால் சத்தம் மந்தமாகும் என்பதால், நெருப்பில் காட்டி முறுக்கேற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இதற்குக்கூட இடம் தராமல் குப்பைமேட்டைக் காட்டிய ஊர்கள் இருந்திருக்கின்றன. இப்போது நெருப்பே தேவைப்படாத பைபர் தப்பட்டைகள் வந்துவிட்டன. அவர் அதற்கும் விரோதி அல்லர். ஐப்பசி மழையில் பைபர், பங்குனி வெயிலில் தோல் என்று வாத்தியார்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். முதிய மேளக்காரர்கள் பழைய வழக்கத்தில் “சாமி” என்று அழைத்தால் காதில் விழாதவர்போல எந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். “அண்ணா” என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்புவார். அதற்குப் பழக அவர்களுக்கு வெகுகாலம் ஆயிற்று. அவருடைய ஒரம்பரைக்காரர்களுக்கு, அதாவது உறவினர்களுக்கு, அதைக் கேட்கப் பழக இன்னும் அதிக காலம் ஆயிற்று.

ஆனால் அவருடைய உயிர் உடுக்கையில்தான் இருந்தது. அண்ணன்மார் சாமி கதையை உடுக்கை அடித்துப் பாடுகிற செட்டு வந்திருக்கிறது என்றால் அச்சகத்தைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். பெற்றோரான குன்னுடையான், தாமரை ஆகியோரின் துன்பத்தில் தொடங்கி, அண்ணன்மாரான பொன்னர், சங்கர் பிறந்து வளர்ந்து, தலையூர்க் காளியோடும் வேட்டுவரோடும் பகை முற்றி, படுகளத்தில் விழுந்து, தங்கை தங்காள் தேடி வந்து எழுப்புவது வரை அந்தக் கதை பல இரவுகளுக்கு நீளும். 1965இல் மானுடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தபோது, உள்ளூர்ப் பாடகர் ஒருவர் இரவு இரவாகப் பாடிய இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பின்னர் அது தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியது. தங்கள் ஊர்க் கதைக்கு உலகப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்ததில் எங்கள் பக்கத்து மக்களுக்குப் பெருமை உண்டு. அவருக்கும் உண்டு. ஆனால், “நாடாவுல இருக்கறது ஒருத்தரு ஒரு தடவை பாடுனது, அதே ஆளு நாளைக்குப் பாடுனா வேற கதைங்க” என்று அவர் சேர்த்துச் சொல்வார்.

அவர் சொன்னதன் பொருள் ஓர் இரவு எனக்கு விளங்கிற்று. தாமரை பிள்ளை வரம் வேண்டித் தவமிருக்கிற பகுதியைப் பாடகர் பாடிக்கொண்டிருந்தார். உடுக்கையின் இடுப்பில் சுற்றிய கயிற்றை இடக்கை இறுக்க இறுக்க ஒலி மேலேறிக் கெஞ்சுவதுபோல் ஆகி, தளர்த்தும்போது கீழிறங்கி முனகிற்று. பின்பாட்டுக்காரர் அடிக்கு அடி “ஆமா” போட்டுக்கொண்டிருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், நடுத்தர வயதுக்காரர், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். பாடகர் அதைக் கண்டுகொண்டார். கதையை மேலே நகர்த்தாமல் தாமரையின் புலம்பலிலேயே நின்று, நான் வேறெங்கும் கேட்டிராத வரிகளைச் சேர்த்து, வரம் கிடைக்கிற இடத்துக்கு வெகு நேரம் கழித்தே வந்தார். வரம் கிடைத்தபோது அந்தப் பெண் எழுந்துபோய்ப் பாடகரின் தட்டில் காசு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுநாள் அந்த வரிகளை எழுதிக்கொள்ளலாமா என்று பாடகரிடம் கேட்டேன். எந்த வரிகள் என்று அவருக்கு நினைவில்லை.

உடுக்கைக் கதைக்கு ஒலிபெருக்கி வைப்பதில் என் நண்பருக்குச் சம்மதமில்லை. ஊர் சிறியது என்றால் எதுவும் வேண்டாம். பெரியது என்றால் பாடுகிற குரலுக்கு மட்டும் ஒரு மைக். உடுக்கைக்கு முன்னால் மைக் கூடவே கூடாது. ஜெனரேட்டரைக் கோயில் மதிலுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இவற்றுக்காக அவர் சவுண்டு சர்வீசுக்காரர்களோடு போட்ட சண்டைகளைத் தனியாகவே எழுதலாம். கைப்பேசியில் படம் எடுப்பதை அவர் தடுக்கவில்லை. கைப்பேசி பிடித்த கை கும்மி கொட்டாது என்று மட்டும் சொல்வார்.

கும்மியைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி முன்பு ஆண்களின் ஆட்டமாக இருந்தது. மேட்டுப்பாளையம் பக்கத்து பத்திரப்பன் அவர்கள் பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார்; 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது கொங்கு நாடே கொண்டாடியது. இன்றைக்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடுகிற அரங்கேற்றங்கள் நடக்கின்றன. என் நண்பருக்கு அது முழுவதும் பிடிக்கவில்லை. மேலே ட்ரோன் பறக்கிறது, கீழே பதிவு செய்த பாட்டு ஓடுகிறது, ஆடுகிறவர்கள் வாய் திறப்பதில்லை என்று குறைபட்டுக்கொள்வார். பகலெல்லாம் தோட்டத்திலும் கம்பெனியிலும் உழைத்த பெண்கள், பேத்தியும் பாட்டியும் ஒன்றாக, இரவில் கோயில் மைதானத்துக்கு வந்து மாதக்கணக்கில் பழகுவதே எங்கள் ஊர்களில் பெரிய மாற்றம் என்பது என் எண்ணம். அதை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. அவரும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவரிடம் நோட்டீசு அடிக்க வந்த கும்மிக் குழுக்களிடம் ‘பாடுபவர்’ என்று ஒரு வரியைக் காலியாக விட்டுக் காட்டி, யார் பெயரைப் போடுவது என்று கேட்பார். அந்த வரியை நிரப்புவதற்காகவே சில வாத்தியார்கள் பாடகரையும் தவில்காரரையும் அழைத்துவரத் தொடங்கினார்கள்.

2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது பங்குனி நோம்பிகள் சாட்டுகிற சமயம். அச்சடித்து அடுக்கிய நோட்டீசுகள் அப்படியே கிடந்தன. கிராமக் கலைஞர்களின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி பங்குனி, சித்திரை, வைகாசியில் வருவது. அது மொத்தமாகப் போயிற்று. அடுத்த ஆண்டும் அதே பருவத்தில் இரண்டாம் அலை வந்தது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்ட ஊர்களும் இருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு அவர் தன் கையிலிருந்து கொடுத்தார். 2007இல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிந்து அட்டை வைத்திருந்தவர்களுக்கு அரசு உதவி எளிதாக வந்தது. பதியாதவர்களே எங்கள் பக்கம் அதிகம் என்பது அப்போதுதான் வெளிச்சமானது. 2009இல் திருப்பூர் மாவட்டம் பிரிந்தபோது காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டிலிருந்து அதில் சேர்ந்ததால், பழைய முகவரிச் சான்றுகளை வைத்துக்கொண்டு அலைந்தவர்களும் இருந்தார்கள். ஊரடங்கு தளர்ந்தபின் அச்சகத்தில் ஒரு மேசையை ஒதுக்கி, விண்ணப்பங்களை நிரப்பும் வேலையை என்னிடம் கொடுத்தார். வாத்தியக் கருவியோடு எடுத்த புகைப்படம் வேண்டும் என்பதற்காகத் தறிக்குடோன் சுவரில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் எடுத்தோம். கொம்பு ஊதுகிற முதியவர் ஒருவர் படத்துக்கு நின்றவர், பிடித்த கொம்பைச் சும்மா பிடித்திருக்க மனமில்லாமல் ஊதியே விட்டார். தறியை நிறுத்திவிட்டுப் பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டது. கடைசி இரண்டு நோம்பிப் பருவங்களையும் டயாலிசிஸ் நாற்காலியிலிருந்தே நடத்தினார். ஒரு கையில் ஊசி, மறு கையில் கைப்பேசி, மடியில் கணக்கு நோட்டு. செவிலியர் திட்டுவார், அவரிடமும் எந்த ஊர், என்றைக்கு நோம்பி, மேளம் யார் என்று விசாரித்துவைத்திருந்தார்.

அவரோடு அதிகம் பழகிய தப்பட்டைக் குழுவினர் சாவுக்கு அடிப்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டார்கள். அப்படி விடச் சொல்லி அவர் ஒருபோதும் வற்புறுத்தியதில்லை. அது அவர்கள் முடிவு என்பார். மறுக்கிற அளவுக்கு நோம்பி வேலையும் கல்யாண வேலையும் வாங்கிக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். அவர் இறந்த அன்று உறவினர் சிலர் அந்தக் குழுவுக்கே ஆள் அனுப்பினார்கள். “அடிக்கறதில்லீங்க, அண்ணனுக்கு வர்றோமுங்க” என்று வாத்தியார் சொல்லியனுப்பினார். இஸ்திரி போட்ட சட்டையோடு எல்லாரும் வந்து, சாமியானாவில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மகன் அவர்களுக்குத் தன் கையால் காபி கொண்டுவந்து கொடுத்தபோது அடங்கியது. வேறொரு டவுனிலிருந்து அவசரமாக அழைத்துவந்த பேண்டுக் குழு சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டு முன்னால் போயிற்று. அவர் கேட்டிருந்தால் டிரம்பெட்காரரின் சுருதியைப் பற்றி நிச்சயம் ஏதாவது சொல்லியிருப்பார்.

அச்சகத்தை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நோட்டீசு பாதியாகக் குறைந்து, பிளெக்ஸும் வாட்ஸ்அப் படமும் பெருகிவிட்டன. ஆனாலும் பெயர்கள் பழைய எழுத்தளவிலேயே வருகின்றன. கணக்கு நோட்டை நானும் ஒரு கும்மி வாத்தியாரம்மாவும் சேர்ந்து படியெடுத்து வருகிறோம். அதில் பணம் பாக்கி வைத்த ஊர்களைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறார். சென்ற மாதம் அப்படிச் சுழித்த ஊர் ஒன்றிலிருந்து வருகிற பங்குனிக்கு உடுக்கைச் செட்டு வேண்டும் என்று ஆள் வந்தார்கள். பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுப் பேசலாம் என்று மகன் சொன்னான். அது முன்னிருந்த கமிட்டியின் பாக்கி என்றார்கள். ஊர் ஒன்றுதானே என்று வாத்தியாரம்மா கேட்டார். பாதியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மீதி சாட்டு அன்றைக்கு.